உருளாத வளையல்

முத்துசெல்வியின் கையில் வளையல் இறுகிப்போனதைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டவள், அவளைப் பெற்ற மாரித்தாய்தான்.

வளைகாப்பு முடிந்து மகளைக் கூட்டி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வடகரையில் மாப்பிள்ளை வீட்டில் வைத்து, ஏழாம் மாதத்தில், பச்சையும் சிவப்புமாக இரண்டு கைக்கும் போட்ட கண்ணாடி வளையல்கள் அன்றைக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தடையில்லாமல் ஓடின. சம்பந்தக்காரி பேராச்சி மருமகளின் கையைத் தூக்கிப் பிடித்து வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். "பாருங்க, ஈர்க்குச்சியில வளையம் மாட்டினாப்புல இருக்கு. பொறந்த வீட்டுச் சோத்துலயாவது பிள்ள ஒடம்பு தேறட்டும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சுற்றி நின்ற பெண்களும் சிரித்தார்கள். அடுப்படியில் ஒதுங்கி நின்ற மாரித்தாய்க்குச் சுருக்கென்றது.

ஒதுங்கித்தான் நிற்க வேண்டியிருந்தது. அவள் புருஷன் தாணுமாலயன் தேங்காய் வெட்டப் போய்த் தென்னையிலிருந்து விழுந்து செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. தாலி இல்லாதவள் சூலிக்கு வளையல் போடக் கூடாது. தெருவில் எவள் எவளோ வந்து சந்தனம் தடவி, வளையல் மாட்டி, நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து வா என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். பெற்றவள் மட்டும் அண்டாவில் புளியோதரை கிண்டிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் போ என்று விரட்டவில்லை. விரட்டாமலே ஒதுங்கத் தெரிந்தவளுக்கு ஊரில் நல்ல பெயர். அந்த நல்ல பெயரை அவள் ஒன்பது வருஷமாகக் காப்பாற்றி வந்தாள்.

வளையல் போடத்தான் கொடுத்துவைக்கவில்லை, சோறு போடவுமா கொடுத்துவைக்கவில்லை? வீரகேரளம்புதூர் பக்கத்திலிருக்கும் தன் வீட்டுக்கு மகளைக் கூட்டி வந்த அன்றே அடுப்பைப் பெரிதாக மூட்டிவிட்டாள். காலையில் நல்லெண்ணெய் மிதக்கும் உளுந்தங்களி. மத்தியானம் சாளைக் கருவாட்டுக் குழம்பு. முத்துசெல்விக்கு உப்பு உறைப்பாக இருந்தால்தான் சோறு இறங்கியது. அதனால் நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி எந்நேரமும் கைக்கெட்டின இடத்தில் இருந்தது. ராத்திரி முட்டை. வாரம் ஒருநாள் கோழி. பீடிக் கூலியில் இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்று யோசிக்கிறவள் இல்லை மாரித்தாய். சம்பந்தக்காரி வாயை அடைத்தாக வேண்டும்.

அந்தத் தெருவே பீடித் தெரு. வீட்டுக்கு வீடு வாசலில் பெண்கள் மடியில் சொளவு முறத்தை வைத்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். நனைத்த இலையை அச்சு வைத்து வெட்டி, புகையிலைத் தூள் வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டி, நுனியை மடக்கிப் போட்டுக்கொண்டே ஊர் வம்பு முழுவதையும் பேசித் தீர்ப்பார்கள். வாய் ஓயும், விரல் ஓயாது. உட்கார்ந்த இடத்திலேயே பகல் முழுக்கக் கிடப்பதால் சாயங்காலம் எழும்பும்போது பாதம் இரண்டும் உப்பியிருக்கும். கால் வீங்காத பீடிக்காரியை அந்தத் தெருவில் தேடிப் பிடிக்க முடியாது. ஆகவே சும்மா இருக்க மாட்டாமல் முத்துசெல்வியும் ஒரு சொளவை இழுத்து வைத்துக்கொண்டபோது, அவள் கால் வீங்கியதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. "சொளவுக் காலுட்டி, ராத்திரி தலகாணி மேல தூக்கி வச்சிப் படு" என்று சொல்லிவிட்டு மாரித்தாய் தன் வேலையைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் வளையல் இறுகியது. குளித்துவிட்டு வந்த மகளின் கையைத் துவட்டும்போது வளையல்கள் இருந்த இடத்தில் இருந்தன. மேலே தள்ளினாலும் போகவில்லை, சுற்றினாலும் சுற்றவில்லை. மாரித்தாய் மகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மனம் குளிர்ந்துபோயிற்று. அப்போதே போனை எடுத்துப் பேராச்சியைக் கூப்பிட்டாள்.

"வளையலு உருள மாட்டேங்கு மயினி. அம்புட்டுக்குச் சத வச்சிருக்கு ஒங்க மருமவளுக்கு" என்றாள்.

பேராச்சிக்கும் சந்தோஷம்தான். அப்படியே பேரனையும் கொழுகொழுவென்று பெற்றுக் கொடுத்துவிடச் சொல்லுங்கள் என்று சிரித்தாள். ஒன்பது வருஷத்தில் மாரித்தாய் ஒரு ஆளிடம் வாய்விட்டுப் பெருமை பேசியது அதுதான் முதல் தடவை.

அடுத்த வீட்டு ஷிஃபா இரண்டு பிள்ளை பெற்றவள். மாரித்தாய்க்கு எதிரே உட்கார்ந்துதான் பீடி சுற்றுவாள். அவள் ஒருநாள் முத்துசெல்வியை உற்றுப் பார்த்துவிட்டு, "எக்கா, இவ மூஞ்சி காலையில பூசினாப்புல இருக்கே. ரூபி நர்சம்மாட்ட ஒருக்கா காட்டிருங்களேன்" என்றாள். மாரித்தாய்க்கு முகம் கறுத்தது. என் பிள்ளைக்கு நாலு சதை பிடித்தால் இவளுக்கு ஏன் பொறுக்கவில்லை என்று உள்ளுக்குள் பொருமினாள். அன்று விளக்கு வைத்ததும் உப்பு, வற்றல், தெருமண் எல்லாம் எடுத்து மகளைச் சுற்றி அடுப்பில் போட்டாள். வற்றல் எரிந்தும் கமறவே இல்லை. கண்ணு பட்டிருக்கிறது என்பதற்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் அவளுக்கு?

ரூபி நர்சும் தெருவழியாகப் போகும்போது இரண்டு தரம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். பேர் பதிந்தது வடகரையில் என்றாலும் பரவாயில்லை, இங்கே வந்திருக்கும் வரை செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள், பிரஷர் மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். மாரித்தாய் தலையை ஆட்டினாள். ஆனால் அது ஆடி மாதம். ஆடிச் செவ்வாயில் சூலியை வாசல்படி தாண்ட விடுவதாவது! ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு வேறு கிழமையே கிடைக்கவில்லையா என்று ஷிஃபாவிடம் சலித்துக்கொண்டாள். வளைகாப்புக்கு முன்னால் வடகரையில் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது, இனி ஆவணி பிறக்கட்டும் என்று இருந்துவிட்டாள். அப்படி இரண்டு செவ்வாய் போனது.

குற்றாலத்தில் அந்த வருஷம் சீசன் நன்றாக இருந்தது. மாப்பிள்ளை கணேசமூர்த்தி தென்காசி ஸ்டேஷனிலிருந்து அருவிக்கு வேன் ஓட்டுகிறவன். சீசன்தான் அவனுக்கு அறுப்பு. வாரத்தில் ஒருநாள் பொண்டாட்டியை எட்டிப் பார்ப்பான், இரண்டு மங்குஸ்தான் பழத்தைக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவான். சாரல் கிழக்கே இவர்கள் ஊர் வரைக்கும் காற்றில் வந்தது. இலை பூஞ்சை பிடிக்காமல் பார்ப்பதே பெரும்பாடாக இருந்தது. அந்த ஈரக் காற்றில் முத்துசெல்வி தலைவலி என்றாள். தூள் வாடைக்குத் தலை வலிக்காமல் இருக்குமா என்று மாரித்தாய் அவளைச் சொளவை விட்டு எழுப்பி உள்ளே உட்கார வைத்தாள், சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டாள். மறுநாளும் வலித்தது. திரும்ப ஒருமுறை சுற்றிப் போட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம், நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த முத்துசெல்வி கண்ணைக் கசக்கினாள்.

"யம்மா, சொளவ அந்தாக்குல திருப்பி வையேன். தூளாப் பறக்குது."

மாரித்தாய் மடியைக் குனிந்து பார்த்தாள். சாரலில் நமத்துப்போன தூள் சொளவில் ஒட்டிக் கிடந்தது. ஊதினாலும் பறக்காது.

"ஒண்ணும் பறக்கலியேட்டி."

"பறக்குதும்மா. கண்ணுக்கு முன்னால வெள்ள வெள்ளயா. நெஞ்சுக்குழி வேற பிடிச்சு வலிக்கி."

ஷிஃபா சொளவைத் தள்ளிவிட்டு எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்த புருஷன் மசூதை எழுப்பி ஆட்டோவை எடுக்கச் சொன்னாள். மாரித்தாய் அப்போதுதான் மகளின் முகத்தை முழுசாகப் பார்த்தாள். இமை தடித்து, உதடு தடித்து, வேறு யாரோ பெற்ற பிள்ளை மாதிரி இருந்தது. இந்த முகத்தையா இத்தனை நாளும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபடியே மகளின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள்.

ஆஸ்பத்திரியில் ரூபி பிரஷர் பார்த்தாள். நம்பாமல் மறுபடியும் பார்த்தாள். பிறகு போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, வலிப்பு வராமல் இருக்க உடனே மருந்து ஏற்ற வேண்டும், ஏற்றித்தான் தென்காசிக்கு அனுப்ப முடியும் என்றாள். ரூபி ஊசியோடு உட்கார்ந்து முத்துசெல்வியின் கையைப் பிடித்தாள். உப்பிய கையில் நரம்பே தெரியவில்லை. கொஞ்சம் தெரிந்த இடத்தையும் வளையல்கள் மூடிக்கொண்டிருந்தன. சோப்பு போட்டு இழுத்தார்கள், தேங்காயெண்ணெய் விட்டு இழுத்தார்கள். வளையல் புறங்கையின் மொழி எலும்பைத் தாண்டி வரவில்லை, தோல்தான் கன்றியது.

"எக்கா, ஒடச்சுத்தான் எடுக்கணும். வலிப்பு வந்துட்டுன்னா இந்தக் கண்ணாடியே கையக் கிழிச்சிரும்" என்றாள் ரூபி.

பாதி மயக்கத்தில் கிடந்த முத்துசெல்விக்கு அது மட்டும் எப்படியோ காதில் விழுந்துவிட்டது. கையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். "ஒடைக்காதீங்கம்மா. அவுக ரோட்டுல வண்டி ஓட்டுதாவ."

கணேசமூர்த்திக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். அருவி இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை போலும். பேராச்சிக்குப் போட்டதும் அவள் எடுத்தாள். ஷிஃபா விஷயத்தைச் சொல்லி, போனை மாரித்தாயின் காதில் வைத்தாள். மறுமுனையில் பேராச்சி பதறினாள்.

"மயினி, ஒடச்சிராதிய. எம்பிள்ள மழையில வண்டியோட திரியுதான். நான் இப்பவே பஸ் ஏறுதேன். வந்து பையக் கழத்துவோம். நீங்க தொட்டுராதிய."

நீங்க தொட்டுராதிய என்று அவள் சொன்னதற்கு அர்த்தம் மாரித்தாய்க்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பதினாறாம் நாள் அவள் கையை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஒருத்தி வளையலைத் தட்டி உடைத்தாளே, அந்தச் சத்தம் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை. புருஷன் இருக்கிற பெண்ணின் கையில் அந்தச் சத்தம் கேட்கக் கூடாது. அதுவும் இவள் கையால் கேட்கவே கூடாது. அவள் ரூபியைப் பார்த்தாள். ரூபி இடுக்கியை எடுத்து வைத்திருந்தாள், ஆனாலும் சுமங்கலி வேண்டாம் வேண்டாம் என்று கையை இழுக்கும்போது அவளுக்கும் சட்டென்று கை ஓடவில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள்.

முத்துசெல்வியின் வாயோரம் ஒரு தரம் வெட்டி இழுத்தது.

மாரித்தாய் போனை ஷிஃபாவிடம் கொடுத்தாள். "இங்க தாங்க நர்சம்மா" என்று இடுக்கியை வாங்கினாள். "இந்தப் பழி ஒங்களுக்கு வேண்டாம். இது எதுக்கும் ஆகாதுன்னு ஊரு ஏற்கெனவே சொன்ன கைதான்."

மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை வலிய இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஏட்டி, மாப்பிள்ளைக்கு ஒண்ணும் வராது. வாரதா இருந்தா எனக்கு வரட்டும். கைய விடு."

ரூபி வளையலுக்கு அடியில் பஞ்சைத் திணித்துக் கொடுக்க, மாரித்தாய் ஒவ்வொன்றாக இடுக்கியால் நெரித்தாள். அந்தச் சத்தம் அப்படியே தாணுமாலயன் செத்த வீட்டுச் சத்தம்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். முத்துசெல்வி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். பச்சையும் சிவப்புமாகத் துண்டுகள் தரையில் விழுந்தன. கடைசி வளையல் போனதும் மணிக்கட்டைச் சுற்றிக் கயிறு இறுக்கின மாதிரி வரிவரியாகத் தடம் தெரிந்தது. அந்தத் தடத்துக்குப் பக்கத்தில்தான் ரூபிக்கு நரம்பு கிடைத்தது.

தென்காசி எல்லைக்கு ஆம்புலன்ஸ் வருமுன்னே வலிப்பு வந்துவிட்டது. கை இரண்டும் கம்பியில் போய் மோதின. மருந்து ஏறியிருந்ததால் ஒரு தடவையோடு நின்றது. மாரித்தாய் மகளின் வெறுங்கையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னாள். குற்றாலத்துச் சாரல் வண்டியின் கண்ணாடியில் வழிந்தது.

பெரியாஸ்பத்திரியில் உடனே வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். ஆண்பிள்ளை. அழவில்லை. பிரஷர் ஏறி ரொம்ப நாளாகவே பிள்ளைக்குப் போகிற ரத்தம் குறைந்திருக்கிறது என்று அங்கிருந்த டாக்டரம்மா சொன்னாள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தாயும் கிடைத்திருக்க மாட்டாள் என்றாள். மகளுக்குச் சதை வைத்திருக்கிறது என்றுதானே நினைத்தேன் என்று மாரித்தாய் திணறினாள். "சதையில்லம்மா அது, நீரு" என்று சொல்லிவிட்டு அந்தம்மா அடுத்த கேஸைப் பார்க்கப் போனாள்.

பேராச்சி நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது பிள்ளையைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். அவள் பேரனைப் பார்த்தாள். கதவு வழியாக மருமகளின் வெறுங்கையைப் பார்த்தாள். பிறகு வராந்தா என்றும் பாராமல் தலையில் அடித்துக்கொண்டாள். "வாரேன், வாரேன்னு சொன்னேம்லா. அதுக்குள்ள ஒடச்சிட்டியளே. தாலியறுத்தவ கை பட்டா வெளங்குமா? எங்குலத்தக் கொண்டுபோயிட்டியளே" என்றாள்.

விஷயம் தெரிந்து ஓடி வந்திருந்த கணேசமூர்த்தி அம்மாவின் தோளைப் பிடித்தான். "எம்மா, நான் நல்லாத்தான் நிக்கேன், பாரு. அவளும் இருக்கா. விடு" என்றான். பிள்ளையை வாங்கிக்கொண்டு அடக்கம் செய்யப் போய்விட்டான்.

மாரித்தாய் சுவரோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். பேராச்சியின் அழுகை ஓய்ந்த பிறகு மெதுவாக வாயைத் திறந்தாள்.

"வளையல ஒடச்சதுக்கு நான் அழல மயினி. இன்னொருக்கா ஒடைக்கச் சொன்னாலும் ஒடைப்பேன். அது உருளாமப் போச்சே, அன்னைக்கு ஒங்களுக்குச் சந்தோசமாப் போன் போட்டேம்லா. அந்த நேரம் எம்பிள்ளைக்கு உள்ள நீரு கோத்துக்கிட்டு இருந்திருக்கு. நான் சதன்னு சொல்லிச் சிரிச்சிருக்கேன். அதுக்குத்தான் அழுதுட்டுக் கெடக்கேன்."

அன்று போனின் அந்தப் பக்கம் சிரித்தது யார் என்று பேராச்சிக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் முத்துசெல்விக்கு மார்பு கட்டிக்கொண்டது. குடிக்கப் பிள்ளை இல்லாத பால் சேலையெல்லாம் நனைத்தது. ஊசிக்கும் அறுவைக்கும் அழாதவள் அன்றைக்கு அலறினாள். மாரித்தாய் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தாள். பேராச்சிதான் சாரலில் முக்காடு போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய், மல்லிகைப்பூ வாங்கி வந்தாள். பால் வற்றுவதற்காகப் பூவை மருமகளின் மார்பில் வைத்துத் துணியால் சுற்றிக் கட்டினாள். முதுகுப் பக்கம் முடிச்சுப் போட இன்னொரு கை வேண்டியிருந்தது. "இதப் பிடிங்க மயினி" என்றாள். மாரித்தாய் பிடித்தாள். அந்த வார்டு முழுவதும் கல்யாண வீடு மாதிரி மல்லிகை மணத்தது. மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு அழுதார்கள்.

ஆடிக் கடைசிச் செவ்வாயன்று, மாரித்தாய் மகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வாசல்படி தாண்டி ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிப் போனாள். தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். ரூபி பிரஷர் பார்த்து, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றாள். அடுத்த தடவை உண்டானால் முதல் மாதத்திலேயே வந்து சொல்ல வேண்டும், முன்கூட்டியே தடுக்க மாத்திரை இருக்கிறது, கால் வீங்கினால் பீடி மேல் பழி போடக் கூடாது என்று மகளிடம் சொல்வதுபோல் அம்மாவிடம் சொன்னாள். மாரித்தாய் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வராமல், சொன்னதையெல்லாம் ஒருதரம் திருப்பிச் சொல்லிக் காட்டினாள்.

ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்து மருமகளைக் கூட்டிப் போகப் பேராச்சி வந்தாள். வெறுங்கையோடு கூட்டிக்கொண்டு போக முடியாது என்று தென்காசிக் கோயில் வாசலில் கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தாள். வளைகாப்புக்கு வாங்கின அதே அளவுதான். காகிதத்தைப் பிரித்து முதல் வளையலை எடுத்தாள்.

மாரித்தாய் வழக்கம்போல எழுந்து அடுப்படிப் பக்கம் நகர்ந்தாள்.

"எங்க போற?" என்றாள் முத்துசெல்வி. பேராச்சிக்கு முன்னால் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, அம்மா பக்கம் நீட்டினாள். "நீ போட்டு விடு. ஒடச்சது நீதான்."

மாரித்தாய் பேராச்சியைப் பார்த்தாள். பேராச்சி கையிலிருந்த வளையலைப் பார்த்தாள். வெளியே ஷிஃபாவின் சொளவுச் சத்தம் நின்றுபோயிருந்தது. காகிதத்தோடு வளையல்களை மாரித்தாயின் மடியில் வைத்துவிட்டு, பேராச்சி தள்ளி உட்கார்ந்தாள்.

மாரித்தாய் மகளின் விரல்களைக் குவித்துப் பிடித்தாள். சோப்பும் வேண்டியிருக்கவில்லை, எண்ணெயும் வேண்டியிருக்கவில்லை. வளையல் மொழியைத் தாண்டி ஓடி முழங்கையில் போய் நின்றது. நீர் வற்றிப் பழைய கையாகிவிட்டது. தடம் மட்டும் லேசாக இருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டாள். போட்டுவிட்டு ஒவ்வொன்றையும் விரலால் சுற்றிப் பார்த்தாள்.

பேராச்சிக்குப் பொறுக்கவில்லை. "பிள்ள எம்புட்டு எளச்சிப் போயிட்டு" என்றாள்.

"எளச்சே இருக்கட்டும் மயினி" என்றாள் மாரித்தாய், மகளின் கையை விடாமல். "வளையலு உருளுதுல்லா."